ஓவியாவைத் தூக்கியவர்

“ஓவியாவத் தூக்கிக்கினு ஒரே மூச்சுல மலையச் சுத்தி வந்தேன். என் வேகத்தப் பாத்துட்டு மலையே ரெண்டடி ஒதுங்கி வழி வுட்டுச்சு!”

போன பௌர்ணமி வரைக்கும் இப்படி அளந்துகொண்டிருந்த இருசப்பனைக் குளிப்பாட்டி, வேங்கிக்கால் வீட்டு வாசலில் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். மருமகள் மதிவதனி அவர் தாடைக்கட்டைச் சரிசெய்தாள். கட்டாமல் விட்டால் எழுந்து அடுத்த புளுகை அவிழ்த்துவிடுவார். மேளக்காரர்கள் அடித்த அடியில் தெருநாய்களெல்லாம் கீழ்பென்னாத்தூருக்கே குடிபோயிருக்கும்.

மதிவதனியின் காதில் மேளம் விழவில்லை. நாளைக்குள் ஆஸ்பத்திரிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். எட்டு வயது மகள் ஓவியாவுக்குத் தசைகள் வலுவிழந்துபோகும் நோய். இப்போது தொடை எலும்பும் இடுப்புக் கிண்ணத்தை விட்டு நழுவப் பார்க்கிறது. ஆபரேஷன் செய்யலாம் என்கிறார் டாக்டர். மயக்கம் தெளிந்தபின் அந்தச் சின்ன நெஞ்சு தானாக மூச்சுவிடுமா என்று கேட்டால், உறுதி சொல்ல முடியாது என்கிறார்.

ஓவியாவைக் குளிப்பாட்டும்போது எலும்பு டக்கென்று நழுவியதை அவள் சொன்னபோது, கணவன் புகழேந்தி நம்பவில்லை. “பக்கெட்டு சத்தமா இருக்கும். வலிச்சா எங்க நைனா கிட்ட அழமாட்டாளா? சிரிச்சிக்கினுதானே இருக்கா? மயக்கம் குடுத்து எழுந்துக்கலன்னா யாரு பதில் சொல்றது?”



“பேரப்புள்ளைங்களா, நெய்ப்பந்தம் புடிக்க வாங்க!” என்று பங்காளி மூர்த்தி குரல் கொடுத்தார். சக்கர நாற்காலி பெஞ்சைச் சுற்றிவர இடமில்லை. “ஓவியா உக்காந்த எடத்துலயே புடிக்கட்டும்பா.”

“நானும் சுத்துவேன்! நான் சுத்தலன்னா சொர்க்க ரதத்த பஞ்சராக்கி வுட்டுருவேன்னு தாத்தா சொல்லியிருக்காரு!”

அழுதுகொண்டிருந்தவர்களே சிரித்துவிட்டார்கள். புகழேந்தி குனிந்தான்.

“ஏங்க, தொடையச் சேத்துப் புடிக்காதீங்க. மாமா தூக்கற மாதிரி அகட்டி...”

“எனக்குத் தெரியாதா? வுடு.”

இருசப்பன் முன்கையைப் பலகையாக்கி, தொடைகளை அகட்டி, நெஞ்சில் சாய்த்துத்தான் தூக்குவார். அவர் இருந்தவரை வேறு யாரையும் அவளைத் தூக்க விட்டதில்லை. புகழேந்தி கால்கள் இரண்டையும் சேர்த்து வாரித் தூக்கினான். ஓவியாவின் கையில் பந்தம் எரிந்தது.

இருசப்பனின் கால்மாட்டில் திரும்பும்போது புகழேந்தி சட்டென்று நின்றான்.

“என்னாப்பா நின்னுட்ட?” என்றார் மூர்த்தி.

ஓவியாவின் உதடுகள் வெளுத்திருந்தன. சத்தமே இல்லை. பந்தத்தை மட்டும் விடவில்லை.

“வலிக்குதாம்மா?”

“சுத்தி முடிப்பா. அப்புறமா அழறேன்.”

மதிவதனி ஓடிவந்து மகளின் தொடைகளை மெல்ல அகட்டி, அவன் முன்கையை அடியில் கொடுத்தாள். மூன்று சுற்றும் முடிந்தன. உள்ளே படுக்கையில் கிடத்தியதும் ஓவியா சொன்னபடியே அழுதாள்.

வண்டி கிளம்பும் நேரம். கொள்ளிச்சட்டி வாங்க வேண்டிய புகழேந்தி உள்ளே வந்து நின்றான்.

“காலையில டாக்டருக்குச் சரின்னு நானே சொல்லிடறேன்.”

மதிவதனி மகளின் தொடைகளுக்கு நடுவே தலையணையைச் செருகினாள்.

“நழுவுச்சு மதி. என் கையிலயே.”

அந்தக் கையை அவன் இன்னும் மடக்கவில்லை.