சுவரைப் பார்த்த நாற்காலி

"இது யாரு புதுசா? சாப்பாட்டுக்கு வந்த கேஸா?"

மகன் மனைவியிடம் முணுமுணுத்தான். கூடத்தின் நடுவே குளிர்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே, கடற்படையின் வெள்ளைச் சீருடையில் அப்பா. பெட்டிக்கு அந்தப்புறம், வாசலோரமாக உட்கார்ந்திருந்த கிழவர் மேல்தான் சந்தேகம்.

கிழவர் நிமிர்ந்தார்.

"சாப்பாடெல்லாம் வேணாம் தம்பி. ஒரு டம்ளர் தண்ணி போதும்."



மகன் தண்ணீரோடு ஓடினான். "மன்னிச்சுக்கங்க சார்... கேட்டுடுச்சா?"

"எங்க கேக்கறது? ரெண்டு காதும் அவுட்!" கிழவர் சிரித்தார். "உங்கப்பாவும் நானும் ஒரே கப்பல், ஒரே எஞ்சின் ரூம். அவன் போல்ட்டு, நான் நட்டு. அந்த இரைச்சல்ல இடி விழுந்தாலும் தெரியாது. உதட்டைப் பாத்துத்தான் பேச்சு. அதுல உங்கப்பன் பலே கில்லாடி. மேல் படிக்கட்டுல நின்னு அதிகாரி எங்களை என்ன திட்டறார்னு கீழ இருந்தே வரி விடாம சொல்வான்."

 மகன் நீட்டிய டம்ளரிலிருந்து தண்ணீர் கிழவரின் முழங்காலில் சிந்தியது.

அப்பாவுக்கு உதடு படிக்கத் தெரியுமா?

ஓய்வுபெற்று வந்த நாளிலிருந்து அவரைச் செவிடு என்றுதான் வீடு நடத்தியது. வேண்டியதைக் காதருகே கத்தினார்கள். வேண்டாததை அவர் எதிரிலேயே, சாவகாசமாக, சிரித்த முகத்தோடு பேசினார்கள். அவரும் சிரித்தார். பேத்தியின் பள்ளி உடுப்புக்குக் கத்திபோல் மடிப்பு விழ இஸ்திரி போட்டார். குழாய் ஒழுகினால் ஸ்பேனரோடு படுத்துக்கொண்டு சரிசெய்தார். மருமகள் காய்ச்சலில் விழுந்தால் அவர்தான் கஞ்சி வைத்தார்.

அந்தக் காலைநேரம் மகனுக்கு ஞாபகம் வந்தது. சாப்பாட்டு மேசை. அப்பாவின் தட்டில் ரொட்டியை வைத்தபடி, அவர் முகத்தைப் பார்த்துப் புன்னகைத்தபடி, மனைவியிடம் சொன்னான்: "இது இப்போதைக்குப் போகாது. நம்மளை அனுப்பிட்டுத்தான் போகும். ஏதாவது ஒரு முதியோர் இல்லத்துல தள்ளிட்டா ரூமாவது காலியாகும்."

அப்பா ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். "நல்லா சூடா இருக்குப்பா."

மறுநாள் கூடத்தில் அவருடைய நாற்காலி சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அதன்பிறகு குடும்பம் பேச உட்கார்ந்தாலே அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். புத்தி பிசகிவிட்டது என்று மகன் அவரை டாக்டரிடம் இழுத்துப் போனான். டாக்டர் மாத்திரை எழுதினார். மறுபேச்சில்லாமல் அப்பா அதையும் விழுங்கினார், கடைசிவரை.

புத்தி பிசகித்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால்...  அந்த ஒரு நூலைத்தான் மகன் இப்போது பிடித்துக்கொண்டு தொங்கினான்.

"சார், அப்பா எப்பப் பாத்தாலும் சுவத்தைப் பாத்தே உக்காந்திருந்தார். மூளை தடுமாறினா அப்படிச் செய்வாங்கதானே?"

"தடுமாற்றமா, அவனுக்கா? போன வாரம்கூட வீடியோ கால்ல என்னை ஓட்டு ஓட்டுன்னு ஓட்டினான்! அது எஞ்சின் ரூம் மரியாதை தம்பி. ரெண்டு பேர் அந்தரங்கமா பேசினா, மூணாவது ஆள் முகத்தைத் திருப்பிக்கணும். எங்களுக்குக் கண்ணுதானே காது? பாத்துக்கிட்டிருந்தா ஒட்டுக்கேட்ட மாதிரி. நீங்க மனசுவிட்டுப் பேசட்டும்னு ஒதுங்கியிருப்பான்."

நூல் அறுந்தது.

"எங்களைப் பத்தி... ஏதாவது சொன்னாரா?"

"சொல்லாம? எம் பையன் தெனமும் அவன் கையாலதான் சூடா ரொட்டி வைப்பான்டான்னு ஒரே பீத்தல்!"

மகனால் கிழவரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பெட்டியருகே போய் மண்டியிட்டான். கண்ணாடியில் அவன் மூச்சு படிந்தது. குரல் எழும்பவில்லை, உதடு மட்டும் அசைந்தது. அன்று மேசையில் சொன்னதை ஒரு சொல் விடாமல் திரும்பச் சொன்னான். பிறகு மன்னிப்புக் கேட்டான்.

அப்பாவின் கண்கள் மூடியிருந்தன. இப்போதுதான் அவர் நிஜமாகவே செவிடு.

யாரோ பார்ப்பதுபோல் உறுத்தியது. நிமிர்ந்தான். பெட்டிக்கு அந்தப்புறம் நட்டுக் கிழவர். எதுவரை படித்தாரோ, தெரியாது. மெல்ல எழுந்தார். தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.