ஒரே அடுப்பு

கடைக்காரர் உணவு உதவி அட்டையைத் தன் சட்டையில் ஒருமுறை துடைத்துவிட்டு மறுபடியும் இயந்திரத்தில் தேய்த்தார். அது மறுபடியும் அதே கீச்சுக் குரலில் கத்தி, அதே சிவப்பு விளக்கைக் காட்டியது. "ஏறலம்மா" என்றார். போன மாதமும் இதையேதான் சொன்னார். போன மாதம், எங்கோ கம்ப்யூட்டர் கோளாறு, இரண்டொரு நாளில் சரியாகிவிடும் என்று ஆறுதலும் சொன்னார். இந்த மாதம் ஆறுதல் இல்லை. சின்னவள் பையிலிருந்து பருப்பை எடுத்து வெளியே வைத்தாள். பிறகு எண்ணெய். பிறகு கோதுமை மாவு, பால் பவுடர். வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றவள் மரியாதை தெரிந்தவள்போல. எதையும் பார்க்காதவளாகக் கூரையில் ஓடும் விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம், அந்த மரியாதையைத்தான் சின்னவளால் தாங்க முடியவில்லை.

யாரோ புகார் எழுதிப் போட்டிருக்க வேண்டும். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவள் மனதில் ஒரே ஒரு முகம்தான் வந்தது. அது அவளுடைய ஓரகத்தியின் முகம். அந்த வீட்டில் இவள் சின்னவள், அவள் பெரியவள். அண்ணனும் தம்பியும் அப்பா விட்டுப்போன வீட்டைப் பிரிக்க மனமில்லாமல் சேர்ந்தே இருந்தார்கள். மனைவிகள் பிரித்துக்கொண்டார்கள். சமையலறையின் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு, அந்தப் பக்கம் ஓர் அடுப்பு, இந்தப் பக்கம் ஓர் அடுப்பு. சண்டைக்குக் காரணம் கேட்டால் சிரிப்புதான் வரும். இரவல் வாங்கிய குக்கரைச் சின்னவள் திருப்பிக் கொடுத்தபோது அதன் ரப்பர் வளையம் தொளதொளவென்றிருந்தது. அது ஏற்கெனவே அப்படித்தான் இருந்தது என்று இவள் சொல்ல, என்னைப் பொய்க்காரியாக்குகிறாயா என்று அவள் கேட்க, வார்த்தை தடித்துவிட்டது. சமாதானம் செய்யப்போன அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் எண்ணெய் ஊற்றிவிட்டு வந்தார்கள். பிறகு பெரியவளின் கணவர் மாரடைப்பில் போனார். சின்னவளின் கணவன் மூட்டை தூக்கும்போது முதுகெலும்பு நழுவி, வேலைக்குப் போக முடியாமல் சன்னலோரத்து நாற்காலியோடு ஒட்டிப்போனான். இத்தனை நடந்தும் அந்தப் பலகை மட்டும் ஆடாமல் அசையாமல் நின்றது.

பேச்சுவார்த்தை இல்லை என்று சொல்ல முடியாது. ஜாடைப் பேச்சு இருந்தது. தண்ணீர் வராத குழாயைப் பார்த்து "எல்லாத்தையும் தானே பிடிச்சு வச்சுக்கிட்டா அடுத்தவங்களுக்கு எங்கேருந்து வரும்" என்பாள் ஒருத்தி. அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்று ணங்கென்று விழும். அதுதான் பதில். அன்றைக்கும் சின்னவள் வெறும் பையை ஆணியில் மாட்டிவிட்டு, அடுப்பைப் பார்த்து உரக்கச் சொன்னாள்: "குழந்தைங்க சாப்பிடறதைப் பார்த்தாக்கூட சில பேருக்கு வயிறு எரியுது. மொட்டைக் கடுதாசி போடறதுக்கும் ஒரு மனசு வேணும்." பலகைக்கு அந்தப் பக்கம் பாத்திரம் விழவில்லை. குற்றம் செய்த நெஞ்சு, அதுதான் சத்தமில்லை என்று சின்னவள் முடிவு கட்டினாள்.

"கண்ணால பார்த்தியா?" என்றான் கணவன் சன்னலோரத்திலிருந்து.

"பார்க்கணுமா? இந்த ஊர்ல நமக்கு வேற யாரு இருக்கா எதிரி?"

"ஆபீஸ்ல போய்க் கேளு முதல்ல."

கேட்கத்தான் வேண்டும். மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் விரிப்பு மடிக்கிற அவள் சம்பளம் வாடகை இல்லாத வீட்டிலும் மருந்துக்கும் பேருந்துக்கும் சரியாகப் போயிற்று. அட்டையில் மாதாமாதம் ஏறுகிற தொகையில்தான் அடுப்பு எரிந்தது. இரண்டு மாதமாகக் கைமாற்றிலும் கஞ்சியிலும் ஓடியது. மூத்த மகள் நர்சு படிப்பை முடிக்கப்போகிறவள், பசியில்லை என்று சொல்லக் கற்றுக்கொண்டிருந்தாள். இளையவளுக்கு அந்தச் சாமர்த்தியம் வரவில்லை, பசிக்கிறது என்று பச்சையாகக் கேட்டாள். மூத்தவளின் பொய்தான் சின்னவளை அதிகம் அறுத்தது.

உணவு உதவி அலுவலகத்தில் எல்லா நாற்காலிகளும் ஒரே கம்பியில் கோக்கப்பட்டிருந்தன. ஒருவர் எழுந்தால் வரிசை முழுக்க ஆடியது. டோக்கன் எண் கூப்பிட்டபோது அவள் கவுண்டருக்குப் போனாள். அங்கிருந்த குமாஸ்தாவுக்குச் சளி. மூக்கை உறிஞ்சிக்கொண்டே திரையைப் பார்த்துச் சொன்னான்.

"உங்க அட்டையை நிறுத்தி வச்சிருக்கு. தனிக் குடும்பம் இல்லன்னு ரிப்போர்ட். ஒரே வீடு, ஒரே சமையல், சம்பாதிக்கற பையன் ஒருத்தன் இருக்கான்."

"அவன் என் பையன் இல்லீங்க. என் ஓரகத்தி பையன். எங்க அடுப்பே வேற."

"வீட்டுக்கு ஆள் வந்து விசாரிச்சிருக்காங்க. நீங்க வேலைக்குப் போயிருந்தீங்க, உங்க வீட்டுக்காரர் மருந்து போட்டுத் தூங்கிட்டிருந்தாராம். வீட்டுல இருந்த பெரியம்மாவே சொல்லியிருக்காங்க."

பார்த்தாயா என்று துள்ளியது சின்னவளின் நெஞ்சு. இரண்டு மாதப் பட்டினிக்கு நடுவிலும், தான் நினைத்தது சரியாகப் போனதில் ஒரு குரூரமான திருப்தி இருந்தது. "அவ என்னதான் சொன்னா? அதையும் கேட்டுட்டுப் போறேன்" என்றாள். குமாஸ்தா பின்பக்கம் திரும்பி ஒருவரைக் கைகாட்டினான். மேசைமேல் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தவர்தான் வீடு வீடாகப் போகும் ஆய்வாளர். முகவரியைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"நீலக் கதவு வீடுதானே? மறக்க முடியுமாம்மா. இந்த வேலையில நமக்குத் தண்ணி குடுக்கவே யோசிப்பாங்க. அந்த அம்மா நாற்காலியைத் துடைச்சுப் போட்டு, டீ போட்டுக் குடுத்து, பிஸ்கட் பாக்கெட்டையே பிரிச்சு வச்சாங்க."

சின்னவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பெரியவள் பிஸ்கட் பாக்கெட்டை யாருக்கும் பிரிப்பவள் அல்ல. எண்ணி எடுப்பவள்.

"நான் ஒண்ணுதான் கேட்டேன். சின்னவங்க குடும்பம் எப்படி, எல்லாரும் சேர்ந்துதான் சமைச்சு சாப்பிடறீங்களான்னு. அவ்வளவுதான், மடை திறந்த மாதிரி பேசினாங்க. எங்க வீட்டுல ஒரே அடுப்புதாங்க, இன்னி வரைக்கும் எங்களுக்குள்ள ஒரு முகச்சுளிப்பு வந்ததில்ல. என் பையன் சம்பளம் முழுக்க இந்த வீட்டுக்குத்தான், தங்கச்சிங்கன்னா அவனுக்கு உசிரு. பொண்ணு பத்தரை மாத்துத் தங்கம். அவ அம்மா இருக்காளே, புருஷன் விழுந்த நாள்லேருந்து ஒத்தையாளா தாங்கறா, வாய் திறந்து ஒரு குறை சொன்னதில்ல. அவளை மாதிரி ஒருத்தியை நான் பார்த்ததில்ல. அப்படின்னாங்க. கண்ணெல்லாம் கலங்கிடுச்சு அவங்களுக்கு."

"நீங்க யாருன்னு சொன்னீங்களா?"

"முதல்லயே சொல்லக்கூடாதும்மா. சொன்னா உஷாராயிடுவாங்கன்னு எங்களுக்கு உத்தரவு. கடைசியில என் ஐடி கார்டைக் காட்டினேன். அவங்க பாக்கவேயில்ல. மீதி பிஸ்கட்டை எனக்குப் பொட்டலம் கட்டிக்கிட்டு இருந்தாங்க."

சின்னவள் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த வரிசை முழுக்க ஆடியது. மூத்த மகளுக்கு ஒரு வரன் வந்திருந்தது. பையன் வீட்டார் அக்கம்பக்கத்தில் சத்தமில்லாமல் விசாரிப்பார்கள், ஆள் அனுப்புவார்கள் என்று தரகர் சொல்லியிருந்தார். அது பலகைக்கு அந்தப் பக்கமும் கேட்டிருக்க வேண்டும். அன்று முதல் சின்னவளுக்கு இருந்த ஒரே பயம், வருகிற ஆள் தான் இல்லாத நேரத்தில் வந்து, பெரியவளிடம் மாட்டிக்கொண்டு, அவள் வாயிலிருந்து நாலு வார்த்தை வந்து, பெண்ணின் வாழ்க்கை பாழாகிவிடுமோ என்பதுதான். ஆள் வந்திருக்கிறான். அவளிடம்தான் மாட்டியிருக்கிறான். வேறு ஆள், அவ்வளவுதான். சின்னவளுக்கு அழுகை வந்தது. அந்த இடத்தில் அழுதால் அட்டைக்காக அழுகிறாள் என்றுதான் நினைப்பார்கள் என்பதால் தாராளமாக அழுதாள்.

குமாஸ்தா வழி சொன்னான். இரண்டு பேரும் நேரில் வந்து அதிகாரியிடம் சொல்ல வேண்டும். இந்த வாரத்துக்குள் வரவில்லை என்றால் அட்டை ரத்து. புதிதாக மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும். எவ்வளவு நாள் என்று கேட்டதற்கு மூக்கை உறிஞ்சினான்.

அன்று சாயங்காலம் சின்னவள் பலகையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். பெரியவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. குழாயையோ அடுப்பையோ பார்த்துப் பேச்சைத் தொடங்கச் சின்னவளின் வாய் பழக்கத்தில் போயிற்று. இழுத்துப் பிடித்துக்கொண்டு, "அக்கா" என்றாள். கத்தி நின்றது.

விஷயம் முழுக்கக் கேட்டபிறகு பெரியவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அப்ப அவன் மாப்பிள்ளை வீட்டு ஆள் இல்லையா?"

"இல்லக்கா."

"சண்டாளன். முழு பாக்கெட்டு பிஸ்கட்டு." வெங்காயத்தைத் தள்ளி வைத்தாள். "ரெண்டு மாசமா உன் அடுப்புல தாளிக்கற சத்தமே இல்ல. ஏன்னு கேக்கத் தோணிச்சு. மொட்டைக் கடுதாசின்னு சொன்னியே, அப்புறம் எப்படிக் கேக்க?"

சின்னவள் குனிந்து, தரையில் சிதறிய வெங்காயத் தோலைப் பொறுக்கினாள்.

"வரமாட்டேன்னு சொல்லல" என்றாள் பெரியவள். "ஆனா யோசி. நாங்க சண்டைக்காரங்கன்னு ஆபீஸ்ல போய்ச் சொன்னா அது நாலு பேர் காதுக்குப் போகும். அந்த வரன்காரனுக்கு அங்க ஒரு சொந்தக்காரன் இருக்கமாட்டானா? குடும்பம் ரெண்டுபட்டதுன்னு தெரிஞ்சா பொண்ணு எடுப்பானா?"

"அதுக்கு முன்னாடி அவ சாப்பிடணும்க்கா. மெலிஞ்சு போயிட்டா."

பெரியவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வெங்காயம் என்று வைத்துக்கொள்ள இருவருக்கும் வசதியாக இருந்தது.

பேருந்தில் இருவர் உட்காரும் ஓர் இருக்கைதான் காலியாக இருந்தது. பெரியவள் சன்னல் பக்கம் தள்ளி உட்கார்ந்து, பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இறங்கும்வரை இருவரும் வெளியே பார்த்தபடியே வந்தார்கள். நேருக்கு நேர் பேசுகிற பழக்கமே விட்டுப்போயிருந்தது.

அதிகாரி அம்மாள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பேச்சுவார்த்தையே இல்லைங்கறீங்க. ஒண்ணாத்தானே வந்திருக்கீங்க?"

"பஸ் ஒண்ணுதாங்க இருக்கு" என்றாள் பெரியவள்.

சளிக்கார குமாஸ்தா சிரித்தான். அதிகாரி சிரிக்கவில்லை. கேள்விகள் கேட்டாள். அடுப்பு எத்தனை, கேஸ் யார் பெயரில், பையன் இவர்களுக்கு ஏதாவது கொடுக்கிறானா, கடைசியாகச் சேர்ந்து சாப்பிட்டது எப்போது. கடைசிக் கேள்விக்கு இருவருமே யோசித்தார்கள். பெரியவளின் கணவர் இறந்த அன்று, யாரோ கட்டாயப்படுத்தி இருவர் கையிலும் திணித்த சாப்பாடுதான் ஞாபகம் வந்தது. அதைக் கணக்கில் சேர்ப்பதா என்று சின்னவளுக்குத் தெரியவில்லை. அதிகாரி தட்டெழுதிய தாளைக் குமாஸ்தா எடுத்து வந்து பெரியவளுக்குப் படித்துக் காட்டினான்: விசாரணையின்போது நான் கூறியவை அனைத்தும் உண்மைக்குப் புறம்பானவை.

பெரியவள் பேனாவை வாங்கவில்லை.

"அடுப்பு ரெண்டு. அதைப் போடுங்க. பையன் சம்பளம் எனக்குத்தான் வருது, அதையும் போடுங்க. மத்தது நான் பொய் சொல்லல."

"மத்ததுன்னா?"

"இவளைப் பத்திச் சொன்னது." இவளைப் பார்க்காமலே சொன்னாள். "அது பொய் இல்லீங்க. அதை எப்படிப் பொய்னு எழுதிக் குடுப்பேன்?"

"அம்மா, பாதி உண்மை பாதி பொய்னு போட இதுல இடமில்ல. சொன்ன வாக்குமூலம் ஒண்ணு. வாபஸ் வாங்கினா முழுசா வாங்கணும். இல்லேன்னா ரிப்போர்ட் அப்படியே நிக்கும்." அதிகாரி கோபமாகச் சொல்லவில்லை. பின்னால் இன்னும் நிறைய டோக்கன்கள் இருந்தன.

பெரியவள் அப்போதுதான் திரும்பிச் சின்னவளைப் பார்த்தாள். கேட்காமல் கேட்கிற பார்வை. தன்னைப் பற்றி இந்த உலகத்தில் யாரும் சொல்லாத ஒரு நல்ல வார்த்தை, அதைச் சொன்னவள் பக்கத்திலேயே நிற்கிறாள், அதை விட்டுக்கொடுக்கவும் மாட்டேன் என்கிறாள். இன்னும் கொஞ்சம் நேரம் அப்படியே நிற்கட்டும் என்று சின்னவளுக்கு ஆசையாக இருந்தது. இளையவள் பள்ளி விட்டு வருகிற நேரம் ஆகிக்கொண்டிருந்தது.

"பொய்னே போட்டுடுங்கக்கா" என்றாள்.

பெரியவள் பேனாவை வாங்கினாள். எழுதிப் பழக்கமில்லாத கை. தலைக்கு மேலே ஓடிய விசிறியில் தாள் படபடவென்று எழும்பியது, ஒரு கையால் அமுக்கிக்கொண்டு எழுத அவளுக்கு வரவில்லை. சின்னவள் குனிந்து, தாளின் இரண்டு ஓரத்தையும் தன் உள்ளங்கைகளால் மேசையோடு சேர்த்து அமுக்கிப் பிடித்தாள். அந்த இரண்டு கைகளுக்கு நடுவில் பெரியவள் தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக, அவசரமில்லாமல், எழுதத் தொடங்கினாள்.