கழுவக் கூடாத பிடி

கோல்ஃப் என்றால் என்ன விளையாட்டு என்று கேட்டால், நான் பார்த்ததைச் சொல்கிறேன். கை கால் நன்றாக இருக்கிற ஆட்கள் ஒரு பந்தை ஓங்கி அடித்துத் தொலைப்பார்கள். பிறகு அதைத் தேடிக்கொண்டு வெயிலில் நடப்பார்கள். கிடைத்ததும் மறுபடி அடித்துத் தொலைப்பார்கள். கடைசியில் அது ஒரு குழிக்குள் விழுந்துவிட்டால் தலைப்பிள்ளை பிறந்த மாதிரி கை குலுக்கிக்கொள்வார்கள். அவர்கள் அடிக்கிற மட்டைகளைக் கழுவித் துடைத்து வைப்பதுதான் என் பிழைப்பு.

எங்கள் அறை கிளப் கட்டடத்தின் படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது. ஒரே ஒரு ஜன்னல், அதுவும் வெளியே தரையை ஒட்டி. அதனால் மெம்பர்களை எனக்கு முகத்தைவிடச் செருப்பை வைத்துத்தான் தெரியும். அதில் ஒன்றும் நஷ்டம் இல்லை. உள்ளே ஒரு தொட்டி, இரண்டு பிளாஸ்டிக் வாளி, தேய்ந்த டூத் பிரஷ்கள், சுவர் நீளத்துக்கு மட்டைப் பைகள். இரும்பு மட்டையின் முகத்தில் கோடு கோடாகப் பள்ளம் இருக்கும். மண்ணும் புல்லும் அதில்தான் போய் ஒட்டும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் முகத்தை மட்டும் நனைத்து பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். கழுத்துவரை முக்கினால் உள்ளே இருக்கிற பசை இளகிவிடும். அப்புறம் ஒருநாள் பந்தைவிட மட்டையின் தலை அதிக தூரம் போகும். கையால் பிடிக்கிற ரப்பர் பிடியை ஈரத் துணியில் சோப்பு தொட்டுத் துடைத்து நிழலில் காயவைக்க வேண்டும். வேலை இவ்வளவுதான். இதற்கு ஒரு மேதாவி தேவையில்லை. ஆனால் எனக்கு ஒரு மேதாவி வந்து வாய்த்தார்.

என் மகளின் மாமனார். என் சம்பந்தி.

மில்லில் மேஸ்திரியாக இருந்தவர். மில்லை மூடியதும் வீட்டில் உட்கார்ந்தார். என் மருமகன் லாரி ஓட்டுகிறவன், வாரக்கணக்கில் ஊரில் இருக்க மாட்டான். மாமியாரும் இல்லாத வீடு. பகல் முழுக்க என் மகளும் அவரும்தான். அவர் அடிக்க மாட்டார், திட்டவும் மாட்டார். விரலால் தடவிப் பார்ப்பார். அலமாரியைத் தடவுவார், கதவு இடுக்கைத் தடவுவார், கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தை எடுத்துத் தடவுவார். "இதுல பிசுக்கு இருக்கேம்மா" என்பார், அவ்வளவு மரியாதையாக. அவள் மறுபடி கழுவ வேண்டும். ஒருநாள் போனில் அழுதாள்.

"அப்பா, நீ என்ன செய்வியோ ஏது செய்வியோ, பகல்ல அவர் வீட்ல இருக்கக் கூடாது. இல்லேன்னா நான் ஒருநாள் அந்தப் பாத்திரத்தை அவர் தலையிலேயே கவுத்துருவேன்."

நான் கிளப் செக்ரட்டரியிடம் போய்ப் பல்லைக் காட்டி, சம்பந்தியை எனக்குத் துணையாகச் சேர்த்துவிட்டேன். மகள் மூச்சு விட்டாள். எனக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது.

வேறு எவனாவது இருந்தால் காதைப் பிடித்துத் திருகியிருப்பேன். பெண்ணைக் கொடுத்த இடத்தில் வாயைத் திறக்க முடியுமா? "சம்பந்தி, கோவிச்சுக்காதீங்க, அந்த மட்டையைக் கொஞ்சம் வெந்நீருல முக்காம இருந்தா நல்லா இருக்கும்" என்பேன்.

"வெந்நீர்லதான் சம்பந்தி கிருமி சாகும்" என்பார்.

"கிருமி விளையாட வர்றதில்லீங்களே."

"நீங்க தமாஷா பேசுவீங்க" என்று சிரித்துவிட்டு முக்குவார். அன்றைக்கெல்லாம் ஒரு மட்டை விடாமல் கழுத்தை ஆட்டிப் பார்ப்பது என் தலையெழுத்து.

இந்த லட்சணத்தில்தான் வக்கீல் விவகாரம் வந்தது. கிளப்பில் ஒரு வக்கீல் உண்டு. பந்து குழிக்குப் பக்கத்தில் வந்ததும் தட்டி உருட்டிவிடுகிற மட்டை ஒன்று வைத்திருந்தார். என்றைக்கோ அதை வைத்து ஒரு கோப்பை ஜெயித்தாராம். அன்றிலிருந்து அதன் பிடியைக் கழுவக் கூடாது என்று உத்தரவு. ராசி அந்த அழுக்கில் இருக்கிறதாம். கோர்ட்டில் சாட்சி கேட்டு, ஆதாரம் கேட்டு, எதிராளியைக் குடைந்து எடுக்கிற மனுஷன் இதை வெட்கமில்லாமல் சொன்னார். வருஷக்கணக்கில் அவர் வேர்வையைக் குடித்து அந்தப் பிடி கன்னங்கரேலென்று, எண்ணெய்ச் சட்டியின் அடி மாதிரி ஆகிவிட்டது. பையைத் திறந்தால் செத்த எலி நாற்றம். "இந்தப் பிடியில எவன் கை வெச்சாலும் அன்னிக்கே அவனுக்குச் சீட்டுக் கிழியும்" என்று செக்ரட்டரியை வைத்துக்கொண்டே சொல்லியிருந்தார். செக்ரட்டரி, மெம்பர்கள் இருமினால் தானும் இருமுகிற ஆள். தலையை ஆட்டினார்.

சம்பந்தி வந்த முதல் நாளே நான் அவரிடம் சொன்னேன். "எதை வேணா கழுவுங்க, இதை மட்டும் கழுவாதீங்க." அவர் அந்தப் பிடியைப் பார்த்த பார்வையிலேயே எனக்கு நம்பிக்கை போய்விட்டது. எனக்குப் பொதுவாகவே யார் மேலும் நம்பிக்கை கிடையாது. அது என்னை இதுவரை ஏமாற்றியதில்லை.

வருஷக் கோப்பையின் கடைசி ஆட்டம் அன்று. வக்கீல் அதில் இருந்தார். ஆட்டம் மத்தியானம். காலையில் நான் டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் சம்பந்தி கையில் ஒரு மட்டையைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிடி சாம்பல் நிறத்தில், நடுவில் சிவப்புக் கோட்டோடு, கடையிலிருந்து இப்போதுதான் வந்த மாதிரி இருந்தது.

"இது யாருது சம்பந்தி?"

"வக்கீலுது. உள்ள சிவப்புக் கோடு இருக்கறது அவருக்கே தெரியாது, பாருங்க!"

மட்டையை அவர் கையிலிருந்து பிடுங்கினேன்.

"சொன்னேனே! படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"மனுஷன் தொடற சாமானா சம்பந்தி அது? என் மனசாட்சி ஒத்துக்கல."

மனசாட்சி. இவருடைய மனசாட்சி சாயங்காலத்துக்குள் இவரை வேலையைவிட்டு வீட்டுக்கு அனுப்பும். நாளைக் காலையிலிருந்து அலமாரியைத் தடவ ஆரம்பிப்பார். என் மகள் முகம்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது.

பக்கத்து அறையில் ஷூ துடைக்கிறவன் லீவில் இருந்தான். அவன் தட்டிலிருந்து கறுப்பு பாலிஷ் டப்பாவை எடுத்து வந்தேன். வாசலிலிருந்து கொஞ்சம் மண், தலைக்குத் தேய்க்கிற எண்ணெய்ப் பாட்டிலிலிருந்து ரெண்டு சொட்டு, எல்லாவற்றையும் துணியில் குழைத்தேன்.

"என்ன பண்றீங்க?" என்றார் சம்பந்தி.

"பழைய அழுக்கைத் திருப்பிக் கொண்டுவர்றேன்."

"கழுவினதை அழுக்காக்கறதா! என் கையால முடியாதுங்க."

"உங்க கையால ஆனதே போதும். தள்ளி நில்லுங்க சம்பந்தி."

துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றார். நான் பூசினேன். பிறகு கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்.

"கீழ்ப்பக்கம் பத்தல."

"என்னது?"

"கீழ்ப்பக்கம் சிவப்புக் கோடு தெரியுது. மேல திட்டுத் திட்டா நிக்குது. ஒரு வேலையை எடுத்தா ஒழுங்கா செய்ய வேண்டாமா சம்பந்தி? இப்படிக் குடுங்க."

வாங்கினார். உட்கார்ந்தார். ஓரத்திலிருந்து ஆரம்பித்து இம்மி பிசகாமல் இழைத்தார். அழுக்கைக்கூட அந்த மனுஷனால் அரைகுறையாகப் பார்க்க முடியவில்லை. முடித்துவிட்டு விரலால் தடவிப் பார்த்தார். வக்கீலின் சொந்த அழுக்கைவிட அது அழகாக இருந்தது. நாற்றம் மட்டும்தான் குறை. அதற்கு நாங்கள் என்ன செய்ய முடியும்? மட்டையைப் பைக்குள் போட்டு மேலே அனுப்பினேன்.

பாலிஷ் காய்ந்துவிட்டது என்று நினைத்தேன். தொட்டபோது காய்ந்துதான் இருந்தது. ஆனால் மத்தியான வெயில் ஒன்று இருக்கிறது, வக்கீலுடைய உள்ளங்கை ஒன்று இருக்கிறது. குழாய் மாதிரி வேர்க்கிற கை அது. பந்தை உருட்டும்போது கையுறையையும் கழற்றிவிடுவார். இதை நான் யோசித்திருக்க வேண்டும். மகளை யோசித்தேன், இதை யோசிக்கவில்லை.

சாயங்காலம் மேலே கைதட்டல் கேட்டது. பிறகு சிரிப்பு. கைதட்டலைவிடச் சிரிப்பு அதிக நேரம் கேட்டது. பிறகு ஜன்னலில் ஒரு ஜோடி வெள்ளை ஷூ வேகமாக எங்கள் படி நோக்கி வருவதைப் பார்த்தேன். பின்னாலேயே செக்ரட்டரியின் பழுப்பு ஷூ.

வக்கீல் உள்ளே வந்தார். ஒரு கையில் கோப்பை, ஒரு கையில் மட்டை. நெற்றி வேர்வையை வழித்த இடத்தில் கறுப்பு, மூக்கைச் சொறிந்த இடத்தில் கறுப்பு, வெள்ளைக் கால்சட்டையின் இரண்டு தொடையிலும் ஐந்து விரலும் தெரிகிற மாதிரி கறுப்பு. அந்தக் கோலத்தோடு கோப்பையை வாங்கி போட்டோவுக்கு நின்றிருக்கிறார். ஒருத்தரும் சொல்லவில்லை. கூட விளையாடுகிற சிநேகிதர்களின் யோக்கியதை அவ்வளவுதான்.

"எவன்டா என் பிடியைத் தொட்டது?" என்று கத்தினார். "கழுவினீங்களா?"

சம்பந்தி ஒரு அடி முன்னால் வந்தார். மேஸ்திரி ஆயிற்றே, நியாயஸ்தர். "ஐயா, அது வந்து, காலையில நான்தான்..." என்று தொடங்கினார். நான் அவர் காலை மிதித்தேன், என் முழு எடையும் போட்டு. "ஆ" என்றார்.

"நான்தாங்க" என்றேன். "கழுவலீங்க. அந்த ராசி அழுக்கு உதிர்ந்துடக் கூடாதேன்னு மேல பாலிஷ் போட்டேன். காப்புக்கு."

"காப்புக்கா! என் மூஞ்சியைப் பாருய்யா!"

"ஜெயிச்சுட்டீங்கல்ல?"

கோப்பை கையில் இருக்கிறதே. ராசி போய்விட்டது என்று சொல்லவும் முடியவில்லை, இருக்கிறது என்று சந்தோஷப்படவும் மூஞ்சி விடவில்லை. பிடியை மோந்து பார்த்தார். செக்ரட்டரியும் மோந்து பார்த்தார்.

"சார், இவரை நிறுத்திடலாமா?" என்றார் செக்ரட்டரி.

"கழுவலேன்னு சொல்றான். ஜெயிச்ச அன்னிக்கு ஒருத்தன் வயித்துல அடிச்சா ராசி கெட்டுடும்" என்றார் வக்கீல். இரக்கம் இல்லை, பயம். "ஆனா இந்த ஆள் கை இனிமே என் மட்டைமேல படக் கூடாது. பந்து கழுவப் போகட்டும். இவர் பார்த்தா பொறுப்பானவரா தெரியறார். இவர்கிட்ட சாவியைக் குடுங்க."

இவர் என்று அவர் கை காட்டியது சம்பந்தியை.

பிடியைக் கழுவினவருக்கு அறைச்சாவி. கழுவாதவனுக்கு மைதானத்து மூலையில் தகரக் கொட்டகை, ஒரு கம்பிக் கூடை, ஊருக்கெல்லாம் தொலைந்து திரும்பி வந்த பந்துகள். சம்பந்தி சாவியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "நான் பார்த்துக்கறேன் ஐயா" என்றார். அந்த நேரத்தில் மனசாட்சி எங்கே டீ குடிக்கப் போயிருந்ததோ தெரியவில்லை.

மறுநாளிலிருந்தே தினம் ஒருதடவை கொட்டகைப் பக்கம் வர ஆரம்பித்தார். கூடையிலிருந்து ஒரு பந்தை எடுப்பார், விரலால் தடவுவார்.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. பந்துமேல இருக்கற இந்தக் குட்டிக் குழிக்குள்ள மண் இருக்கே."

நான் வாங்கிக் கழுவினேன். வேறென்ன செய்ய? வாய்க்குள்ளேயே நாலு வார்த்தை சொல்லிக்கொண்டேன். அதை எழுத முடியாது.

அந்த வாரக் கடைசியில் மகள் போன் செய்தாள். "அப்பா, மாமா இப்பல்லாம் பொழுது சாஞ்சுதான் வர்றார். கடைசிப் பை வந்து சேர்ந்து பூட்டிட்டுத்தான் வரணுமாமே! வந்ததும் சாப்பிட்டுத் தூங்கிடறார். தடவக்கூட தெம்பு இல்ல." சிரித்தாள். கல்யாணத்துக்கு அப்புறம் அவள் போனில் சிரித்து நான் கேட்டதில்லை. "காலையில கிளம்பற வரைக்கும்தான் இப்ப கஷ்டம். அடுப்பு மேடையில ஆரம்பிச்சு வாசல் வரைக்கும் ஒரு சுத்து வந்துடறார்."

மறுநாள் சம்பந்தி கொட்டகைக்கு வந்து பந்தை எடுத்தபோது நான் முகத்தைத் தூக்கவில்லை.

"அறையில காலையில ஒரு மாதிரி வாடை வருமே, கவனிச்சீங்களா சம்பந்தி?"

"ஆமா, லேசா வருது. ஏன்?"

"பூட்டின ரூமுல ராத்திரியெல்லாம் ரப்பர் வேர்த்துப் போகும். விடியும்போதே ஜன்னலைத் திறந்துவிட்டு, பிடியெல்லாம் ஒரு தடவை காய்ஞ்ச துணியால துடைச்சுடணும். நான் சோம்பேறி, செய்யல. அதான் அந்த வாடை."

இப்படி ஒரு விஷயம் உலகத்திலேயே கிடையாது. அவரும் லேசில் எதையும் நம்புகிறவர் இல்லை. ஆனால் சுத்தம் என்று சொன்னால் போதும், கிணற்றில்கூட இறங்குவார். பந்தைக் கூடையில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார், இத்தனை நாள் என்ன வேலை செய்தாய் என்கிற மாதிரி.

"அப்போ எத்தனை மணிக்கு வரணும்?"

"புல் வெட்டற மெஷின் கிளம்பறதுக்கு முன்னாடி வந்துட்டா நல்லது."

"ஞாயித்துக்கிழமையுமா?"

"ரப்பருக்கு ஞாயித்துக்கிழமை தெரியுமா சம்பந்தி?"

"அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.