அச்சில் இறுகிய கோது

ஜெனிற்றா மீன் பொரித்துக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. செங்கலடிச் சந்தியில் லேத் பட்டறை வைத்திருக்கும் அருமைநாயகம். கனடாவிலிருந்து வந்திருக்கும் அவளுடைய தாய்மாமன் ஜெயராஜாவோடு ஒன்றாகப் படித்தவர். மாமா காலையில் ஓட்டோ பிடித்து அவரிடம்தான் போய்வந்திருந்தார்.

"புள்ள, என்னோட கோவிக்காத. நான் பொலிசுக்குச் சொல்லிட்டன்."

"என்னத்தைச் சொன்னீங்க அங்கிள்?"

"உன்ட மாமா கொண்டுவந்த சாமானத்தத்தான். கடையில நிண்ட ரெண்டு பேர் கண்டிட்டாங்க. ஒருத்தன் போன்ல படமும் எடுத்திட்டான். நான் சொல்லாம உட்டா முதல்ல என்னத்தான் புடிப்பாங்க. இப்ப வருவாங்க. உள்ளத உள்ளபடி சொல்லுங்க."

அவர் வைத்துவிட்டார். ஜெனிற்றா அடுப்பை அணைத்துவிட்டு முன் அறைக்கு ஓடினாள். மாமா கதிரையில் சாய்ந்து மின்விசிறிக் காற்று வாங்கிக்கொண்டிருந்தார்.

"மாமா, அருமைநாயகம் அங்கிளுக்கு என்னத்தைக் காட்டினீங்க?"

மாமா கூச்சத்தோடு சிரித்துக்கொண்டே காற்சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து மேசையில் வைத்தார். பெருவிரல் மொத்தத்தில் மரை வெட்டிய உருக்குக் குழாய். அதன் அடிவாயில் வட்டமாகப் பித்தளை மினுங்கியது. அது தோட்டாக் கோதின் அடி என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அந்த ஊரில் பிறந்தவளுக்கு அது தெரியும்.

"வெறுங்கோது புள்ள. வெடிச்சு முடிஞ்சது. மருந்தும் இல்ல, சன்னமும் இல்ல."

"அது ஏன் உங்கட கையில?"

கனடாவில் அவர் இருக்கும் ஊரில் குளிர் தொடங்க மான் வேட்டைக்குப் போவார்களாம். அவரிடம் லைசன்சோடு ஒரு ரைபிள் இருக்கிறதாம். கடைத் தோட்டா விலையென்பதால் வெடித்த கோதுகளைப் பொறுக்கிவந்து வீட்டிலேயே திரும்பவும் நிரப்புவாராம். அங்கே அது சட்டத்துக்கு உட்பட்ட வேலைதானாம்.

"வெடிச்ச கோது ஊதிப் போயிரும். இந்த அச்சுக்குள்ள அமத்தித்தான் பழைய அளவுக்குக் கொண்டுவரணும். அதுக்கு முதல் விரலால மெழுகு பூசணும். கனக்கப் பூசினா கோது நசுங்கும். பூசாட்டி இப்பிடி இறுகிரும். அண்டைக்கு அவசரத்தில பூச மறந்திட்டன். இழுத்துப் பார்த்தன், விளிம்பு பிஞ்சிட்டு. பழைய அச்சு, இப்ப இத ஒருத்தரும் செய்யிறல்ல. அங்க கழட்டக் கேட்ட காசுக்கு ஒரு துவக்கே வாங்கலாம். அருமைநாயகத்திட்டக் குடுத்தா லேத்தில போட்டுக் கழட்டுவான் எண்டு நினைச்சன்."

"நினைச்சீங்க," என்றாள் ஜெனிற்றா. "பொலிஸ் வருது மாமா."

குசினி வாசலில் அம்மா நின்றாள். எப்போது வந்தாள், எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. அவள் கண் மேசையில் இருந்த பித்தளை வட்டத்தை விட்டு நகரவில்லை.

"இத நீ என்ட ஊட்டுக்குள்ளயா கொண்டுவந்த?"

"அக்கா, அது ஒண்டும் செய்யாது..."

"எனக்கா சொல்லித்தாறாய்?"

தொண்ணூறில் இராணுவத்தின் ஒரு சுற்றிவளைப்பில் இப்படியொரு வெறுங்கோது இந்த வீட்டு ஜன்னல் கட்டில் கிடந்தது. அயல்வீட்டுப் பிள்ளை ஒன்று விசில் ஊத ரோட்டில் பொறுக்கி வந்தது. ஜெனிற்றாவின் அப்பாவைக் கொண்டுபோனார்கள். மாதக்கணக்கில் முகாமில் வைத்திருந்து வெளியே விட்டபோது அவருக்கு ஒரு காது கேட்காது. சாகும்வரை கேட்கவில்லை. ஜெயராஜா அதற்கு முன்பே கனடா போய்விட்டார். அவருக்கு அந்தக் கதையெல்லாம் கடிதத்தில் வந்த செய்தி.

அம்மா மேசையிலிருந்ததை எடுத்தாள். என்ன செய்யப்போகிறாள் என்று அவர்களுக்குப் புரிவதற்குள் பின்கதவால் இறங்கி, தென்னைகளுக்கு நடுவே வேலியடிக்கு நடந்து, கையை ஓங்கி வாவிக்குள் எறிந்தாள். தண்ணீரில் தொப்பென்ற சத்தம் அடுப்படிவரை கேட்டது.

"அம்மா! அவங்கட்டப் படம் இருக்கம்மா! நாம ஒளிச்சிட்டம் எண்டுதானே நினைப்பாங்க!"

அம்மா கையைச் சீலையில் துடைத்தாள். "படந்தானே. சாமான் இல்லயே."

முன்வாசலில் ஜீப் வந்து நின்றது.

வந்த அதிகாரிக்கு ஐம்பது வயதிருக்கும். சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். அதைக் கண்டு ஜெனிற்றாவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. கூட வந்த இரண்டு பொலிஸ்காரரும் வீட்டின் இரண்டு பக்கமும் போய் நின்றதைக் கண்டதும் அந்த மூச்சும் நின்றது. தமிழ் தெரிந்த சார்ஜன்ட் லீவாம். யாருக்குச் சிங்களம் தெரியும் என்று கேட்டார். தொலைபேசிக் கம்பனியின் வாடிக்கையாளர் கருமபீடத்தில் வேலை செய்யும் ஜெனிற்றா நாள் முழுக்கச் சிங்களத்தில் பேசுகிறவள். "எனக்குத் தெரியும்," என்றாள்.

மாமா அதற்குள் எழுந்து நின்று இங்கிலிஷில் தொடங்கிவிட்டார். "சேர், ஐ ரீலோட் அட் ஹோம்..."

அதிகாரிக்கு அவ்வளவாக இங்கிலிஷ் வராது. ஆனால் அந்த ஒரு சொல் பிடிபட்டது. முகம் மாறியது. "வீட்டில் தோட்டா செய்கிறாரா? இந்த வீட்டிலா?" என்று சிங்களத்தில் ஜெனிற்றாவைக் கேட்டார்.

"இங்கே இல்லை சேர். கனடாவில்." மாமாவைத் திரும்பிப் பார்த்து, "வாயத் திறக்காதீங்க மாமா," என்றாள்.

அதிகாரி கைபேசியை நீட்டினார். படத்தில் மாமாவின் உள்ளங்கை. அதில் அச்சு, பித்தளை விளிம்பு துல்லியமாகத் தெரிந்தது. அவர் அம்மாவின் பக்கம் திரும்பினார். "வீட்டுக்காரி இவர்தானே? உங்கள் தம்பி கொண்டுவந்த இந்தச் சாமான் எங்கே என்று கேளுங்கள்."

ஜெனிற்றா கேட்டாள்.

"சொக்லட்டும் உடுப்பும் கொண்டுவந்தான். வேற ஒண்டும் இந்த ஊட்டுக்குள்ள வரல்ல. அப்பிடியே சொல்லு," என்றாள் அம்மா.

"அம்மா, படம் இருக்கு."

"அப்பிடியே சொல்லு எண்டன்."

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன சொல்கிறார்?"

ஜெனிற்றா மனசுக்குள் கணக்குப் போட்டாள். அம்மா சொன்னதை அப்படியே சொன்னால் அம்மா பொய்க்காரி. வீட்டைக் கிளறுவார்கள், எறிந்ததை யாராவது கண்டிருப்பார்கள். உண்மையைச் சொன்னால் தடயத்தை அழித்தவள் அம்மா. எந்த வழியால் போனாலும் அம்மாவின் தலையில்தான் விழும்.

அவள் யோசிப்பது அம்மாவுக்கு விளங்கிவிட்டது. குரலைத் தாழ்த்தி, "உன்ட அப்பாவும் உண்மையத்தான் சொன்னவர்," என்றாள்.

"இப்போது என்ன சொன்னார்?" அதிகாரியின் குரல் கடுத்தது.

ஜெனிற்றா கண்ணை மூடித் திறந்தாள். பிறகு சிங்களத்தில் சொல்லத் தொடங்கினாள். அப்பாவைப் பற்றித்தான் முதலில் சொன்னாள். ஜன்னல் கட்டு, விசில், முகாம், காது. அதையெல்லாம் அவள் எந்த மொழியிலும் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. "அதனால் இதைக் கண்டதும் அம்மா பயந்து வாவிக்குள் எறிந்துவிட்டார். ஒளிக்க இல்லை சேர். பயத்தில். எறிந்த இடத்தை நான் காட்டுகிறேன். நானே இறங்கி எடுத்துத் தருகிறேன்."

அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. ஆனால் மகளின் கை பின்பக்கத்தைக் காட்டியது தெரிந்தது. அவள் கதிரையில் அப்படியே இருந்துவிட்டாள்.

அதிகாரி பின்கதவால் இறங்கி வேலியடிவரை வந்து வாவியைப் பார்த்தார். "இறங்குங்கள்," என்றார்.

ஜெனிற்றா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். மாமாவும் காற்சட்டையோடு இறங்கினார். கரையில் பொலிஸ் நின்றது. வேலிக்கு அப்பால் அயலவர்கள் ஒவ்வொருவராகக் கூடினார்கள். தண்ணீர் இடுப்பளவுதான். ஆனால் சேறு முழங்கால்வரை விழுங்கியது. காலால் துழாவினாள். சிரட்டை தட்டுப்பட்டது. போத்தல் ஓடு பாதத்தைக் கிழித்தது. கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை நினைக்காமலிருக்க முடியவில்லை. கரையோரக் கண்டல் மரங்கள் வேர்விட்ட பக்கமாக நகர்ந்தபோது கால்விரலுக்கிடையில் மரை வெட்டிய கனமான ஒன்று உருண்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மூழ்கி அதை எடுத்தாள்.

அதிகாரி அதைக் கழுவி, வெயிலில் பிடித்துப் பார்த்தார். கோதின் அடியில் துவக்கின் ஊசி குத்திய பள்ளம் இருந்தது. "வெடித்ததுதான்," என்றார். "ஏன் உள்ளே இறுகியிருக்கிறது?"

சேறு சொட்டச் சொட்ட மாமா சொன்னார், ஜெனிற்றா மொழிபெயர்த்தாள். அவர் சொன்ன மெழுகுக்குச் சிங்களச் சொல் தெரியாமல் 'எண்ணெய்' என்றே சொன்னாள். எண்ணெய் பூச மறந்ததால் வந்த வினை என்றாள். மாமா கனடா லைசன்சையும், வீட்டு நிலக்கீழ் அறையில் மேசையும் அச்சுகளும் இருக்கும் படங்களையும் கைபேசியில் காட்டினார். அதிகாரி எல்லாவற்றையும் பார்த்தார், எதற்கும் தலையாட்டவில்லை. "நம்புகிறேன். ஆனால் நான் நம்பினால் போதாது," என்று சொல்லி மாமாவை ஜீப்பில் ஏற்றினார். அம்மாவை ஏற்றவில்லை. அவளிடம் வாக்குமூலமும் கேட்கவில்லை.

மாமா இரண்டு இரவு உள்ளே இருந்தார். பிறகு பிணை, பாஸ்போட் நீதிமன்றத்தில், சட்டத்தரணி, பரிசோதனை அறிக்கை என்று வாரங்கள் இழுபட்டன. அவர் டிக்கட்டை இரண்டு தரம் மாற்றினார். கடைசியில் வெடிக்கும் பொருள் எதுவுமில்லை என்று அறிக்கை வந்தது. நீதவான் கடுமையாக எச்சரித்து அவரை விடுவித்தார். அச்சைத் திருப்பிக் கேட்க மாமாவுக்கு வாய் வரவில்லை. அருமைநாயகம் ஒருநாள் தயிர்ச்சட்டியோடு வந்து வாசலில் நின்றார். அம்மாதான் அவரை உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தாள். தம்பியோடு அவள் அதுவரை ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

மாமா புறப்படுவதற்கு முதல்நாள் அம்மா அவருடைய பெட்டிகளைக் கட்டிலில் கவிழ்த்தாள். ஒவ்வொரு பையாகப் புரட்டி உதறினாள். ஜெயராஜா சின்னப்பிள்ளைபோல் பக்கத்தில் நின்றார்.

"எனக்கு விளங்காமப் போயிட்டுக்கா," என்றார்.

"நீ இங்க இருந்திருந்தா விளங்கியிருக்கும்," என்றாள் அம்மா. கோபமில்லாமல்தான் சொன்னாள். பிறகு கருவாட்டுப் பார்சலை உடுப்புகளுக்கு நடுவில் மணம் வராமல் சுற்றி வைத்தாள்.

வான் போனபிறகு தாயும் மகளும் வாசலில் நின்றார்கள்.

"அண்டைக்கு நீ அந்தப் பொலிசுக்காரனுக்குச் சிங்களத்தில சொல்லேக்க, உன்ட கழுத்த நெரிக்கணும் போல இருந்திச்சு எனக்கு," என்றாள் அம்மா.

"தெரியும்மா."

"இப்பயும் கொஞ்சம் இருக்கு."

ஜெனிற்றா சிரித்துவிட்டாள். அம்மா சிரிக்கவில்லை. ஆனால் உள்ளே போகும்போது மகளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டே படியேறினாள்.