நூற்றுக்கு முப்பத்தொன்று

ஈரத்தாள் சுருளைப் பிரித்ததும் பரிசோதகர் முதலில் முகர்ந்து பார்த்தார். பிறகுதான் எண்ணினார். நூறு சோயா விதைகளில் முளைத்தவை முப்பத்தொன்று. மற்றவை வெள்ளைப் பூஞ்சணத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்தன.

விதைப் பண்ணைத் தலைவருக்கு உட்காரத் தோன்றவில்லை. கிடங்கில் எழுநூறு மூட்டைகள் தைத்து அடுக்கப்பட்டிருந்தன. இந்தப் பரிசோதகர் அம்மாள் கையெழுத்துப் போட்டால் அவை விதை; போடாவிட்டால் வெறும் பருப்பு. விதைப்புக்கு இன்னும் பத்தே நாள். வாசலில் உழவர்கள் வண்டிகளோடு வந்து நின்றுவிட்டார்கள்.

"தண்ணி ஊத்தினீங்களாம்மா?"

"ஊத்தினேன் சார்."

"ஒருவேளை அதிகமா ஊத்திட்டீங்களோ?"

"இருபது வருஷமா ஊத்துறேன் சார்."

தலைவர் ஒரு பிடி விதையை அள்ளி அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். "முத்து மாதிரி இருக்கு. இதுல நோய் எங்க இருக்கு, காட்டுங்க."

தம் அறைக்கு வருகிறவர்களைப் போல நோயும் முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் வரும் என்பது தலைவரின் கொள்கை. அதனால்தான் ஊதாக் கறை விழுந்த விதைகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி எறிய இருபது பேரைப் பன்னிரண்டு நாள் உட்கார வைத்தார். 'கண்ணால் காணும் நோய் மேலாண்மை' என்று அதற்குப் பெயரும் வைத்து, மூன்று கூட்டங்களில் பேசியும் விட்டார்.

"கறை விதையத்தான் கழிச்சாச்சே?"

"அதுலயும் நூறு போட்டுப் பார்த்தேன் சார்." பரிசோதகர் இரண்டாவது சுருளைப் பிரித்தார். "எண்பத்திரண்டு முளைச்சிருக்கு. ஊதாப் பூஞ்சணம் குடியிருக்கிற வீட்டுக்குள்ள மத்தது அவ்வளவா நுழையாது. பார்க்கத்தான் அசிங்கம்."

தலைவரின் கை விரிந்தது. முத்துகள் தரையில் உருண்டன.

"அது... இப்ப எங்க இருக்கு?"

"முந்தாநாள் மாட்டுத் தீவனத்துக்கு அனுப்பச் சொன்னீங்க."

மூலையில் நின்ற வயல் மேலாளர் தொண்டையைச் செருமினார். தலைவரின் தங்கை கணவர் அவர்.

"என்ன மாப்பிள்ளை, தொண்டையில முள்ளா?"

"மழை மச்சான். காய் முத்தின உடனே அறுத்திருக்கணும். ஒன்பது நாள் சும்மா நின்னுச்சு. அதுல நாலு நாள் மழை. வெளியில தெரியாத பூஞ்சணம் அப்பத்தான் உள்ள இறங்கிடுச்சு."

"ஏன் அறுக்கல?"

மாப்பிள்ளை சுவரைப் பார்த்தார். அங்கே கண்ணாடிச் சட்டத்துக்குள், பொன்னிற வயலின் நடுவே, இரண்டு தடவை தள்ளிப்போட்டு ஒருவழியாக வந்து சேர்ந்த பிரமுகரோடு தலைவர் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னேன். கேமராவுல உன் நிழல் விழுது, தள்ளி நில்லுன்னீங்க."

"காய் பிடிக்கறப்ப மருந்தாவது அடிச்சியா?"

"இலையில வெள்ளை வெள்ளையாத் தெரியும், படத்துக்கு எடுப்பா இருக்காதுன்னு..."

"எந்த மடையன் சொன்னான்?"

அறையில் யாரும் அந்த மடையனின் பெயரைச் சொல்லவில்லை. தலைவருக்கே மெல்ல நினைவு வந்தது. அப்போதுதான் உட்கார்ந்தார்.

"இப்ப விதையில மருந்து கலந்தா?"

"கலந்தும் போட்டேன். ஐம்பத்து நாலு. எழுபது வேணும் சார்."

"எழுபதுன்னே எழுதிட்டா?"

"எழுதிடலாம். விதைச்ச பத்து நாள்ல வயலே வந்து சொல்லிடும். நாம எழுதினதுக்காக அது முளைக்காது."

பரிசோதகர் முப்பத்தொன்று என்று எழுதினார். எழுத்திலும் எழுதினார். கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டார்.

"மாப்பிள்ளை, நீ போய்ச் சொல்லிடேன்."

"நான் தள்ளியே நிக்கிறேன் மச்சான்."

தலைவர் வாசலுக்கு வந்தார். முன்வரிசை உழவர் பீடியை அணைத்துவிட்டு எழுந்தார். "ஏத்தலாமா தலைவரே?"

குறிப்பில்லாமல் ஒன்றரை மணி நேரம் பேசக்கூடியவர் மூன்றே சொல்லில் முடித்துக்கொண்டார்.

"அது விதை இல்லீங்க," என்றார்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க," என்றது கடைசி வண்டியிலிருந்து ஒரு குரல். "பின்னாடி கேக்கல."