அருவிக்கரைக் கணக்கெடுப்பு

என் அப்பா வல்லிநாயகம் தென்காசி தாலுகா ஆபீஸில் கிளார்க். எண்பத்தொன்றாம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கெடுப்புக்கு அவரையும் அனுப்பினார்கள். அதோடு மனுஷர் மாறிப்போனார். கேட்கிற விதத்தில் கேட்டால் எவனும் உள்ளதைச் சொல்லிவிடுவான், கணக்கு அட்டையில் ஏறிவிட்டால் அது உண்மை என்று பேச ஆரம்பித்தார். குழம்பு நன்றாக இருக்கிறதா என்று அம்மா கேட்டால்கூட, "எத்தனை பேரு சாப்பிட்டிருக்கோம்?" என்பார்.

மறுவருஷம் நான் பிளஸ் டூ முடித்தேன். கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி மூன்றும் சேர்த்து அறுநூறுக்கு ஐந்நூற்று நாற்பத்தொன்று. எனக்கு கிண்டியில் இன்ஜினியரிங் படிக்க வேண்டும். அது ஒன்றுதான் வேண்டும். விண்ணப்பத்தை அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி, தகப்பனார் கையெழுத்துக்கான இடத்தை மட்டும் காலியாக விட்டு அவர் முன்னால் நீட்டினேன். கடைசித் தேதிக்கு ஐந்து நாள் இருந்தது.

அப்பா பேனாவை எடுக்கவில்லை.

"போட்டுட்டுக் கிடைக்கலேன்னா தெருவுல ஒவ்வொருத்தனுக்கும் நாமதானட்டி பதில் சொல்லணும்? ஆபீஸ்ல வேற கேப்பானுவ. மொதல்ல சான்ஸ் எவ்வளவுன்னு பாப்போம். பாதிக்கு மேல இருந்தா கையெழுத்து. இல்லையா, பேசாம பி.எஸ்ஸி.யில சேந்துக்கோ."

"அத எப்பிடிப்பா பாக்கது?"

"கேட்டாத் தெரிஞ்சிட்டுப் போவுது."

யாரைக் கேட்பது என்பதில்தான் அப்பாவின் மூளை வேலை செய்தது. குற்றாலத்தில் சீசன் தொடங்கியிருந்தது. நாம் எதற்கு ஊர் ஊராக அலைய வேண்டும், எல்லா ஊரும் இங்கே வந்து துண்டோடு நிற்கிறதே என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே இருவரும் பஸ் ஏறினோம். கணக்கெடுப்பில் மிஞ்சிய அட்டையைச் சாரலில் நனையாதபடி பிளாஸ்டிக் கவரில் போட்டு, அப்பா கக்கத்தில் வைத்துக்கொண்டார். என் விண்ணப்பம் அந்தக் கவருக்குள்ளேயே கிடந்தது.

ஆண்கள் பக்கம் அவர், பெண்கள் பக்கம் நான். அவர் எண்ணெய் தேய்க்கும் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். குப்புறப் படுத்து, முதுகில் ஒருவன் ஏறி மிதித்துக்கொண்டிருக்கும்போது எவனும் எழுந்து ஓட முடியாதாம். கேள்விகள் மூன்று. இந்த வருஷம் பிளஸ் டூ முடித்த பிள்ளை வீட்டில் உண்டா, இன்ஜினியரிங்குக்குப் போடுகிறதா, மூன்று பாடத்துக்கும் மார்க் எவ்வளவு.

நான் தலை துவட்டிக்கொண்டிருந்த அம்மாக்களைப் பிடித்தேன். கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் அவர்கள் ஒருவரும் கூச்சப்படவில்லை. கேட்டு முடிப்பதற்குள் மார்க் வந்து விழுந்தது. விருதுநகர் அம்மா ஒருத்தி தன் மகளுக்கு ஐந்நூற்றுத் தொண்ணூறு என்றாள். பக்கத்தில் தாவணி பிழிந்துகொண்டிருந்த மகள் சட்டென்று திரும்பி அம்மாவையே பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்கு அப்போது தெரியவில்லை.

பதினோரு மணிக்கு இருவர் கணக்கையும் சேர்த்தோம். மொத்தம் நாற்பத்தேழு பேர். அப்பா கீழே இரண்டு கோடு போட்டார்.

"முப்பத்தோரு பேரு ஒனக்கு மேல நிக்கான். வழியில்லட்டி."

அவர் குரலில் வருத்தம் இருந்தது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் கூட்டல் சரியாக வந்துவிட்ட திருப்தியும் இருந்தது. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னொரு தடவை குளித்துவிட்டு வருகிறேன் என்று போய், அருவியில் நின்று அழுதேன். அங்கே அழுவதில் ஒரு சௌகரியம், எவ்வளவு சத்தமாக அழுதாலும் பக்கத்தில் நிற்பவளுக்குக் கேட்காது.

ஈரத்தலையோடு திரும்பி வந்தபோது அப்பா பழக்கடை ஓரம் நின்று ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தேன். அந்த மனிதர் தன்னைக் கடையநல்லூர் பரீது என்று சொல்லிக்கொண்டிருந்தார். மகனைக் கிண்டிக்குப் போடப் போகிறாராம், ஐந்நூற்று எழுபதாம்.

"உங்க வீட்டுல பிள்ளை உண்டுமா அண்ணாச்சி?"

"மகதான். ஐந்நூத்தி எழுவத்தெட்டு" என்றார் அப்பா. அதோடு விட்டாரா! "கிண்டியில கிடைச்ச மாதிரிதான். அடுத்த மாசம் மெட்ராஸ் போறோம்."

"அப்படியா! சந்தோஷம். நானும் பையனோட வருவேன், அங்கன பாப்போம். தாலுகா ஆபீஸுக்கும் அடிக்கடி வாரவன்தான் நான்."

பரீது போனதும் அப்பா திரும்பினார். என்னைப் பார்த்தார். கையில் இருந்த மங்குஸ்தான் பழத்தை ரொம்ப அக்கறையாகப் பார்த்தார்.

"முப்பத்தேழு மார்க்கு எங்கன இருந்துப்பா வந்துது?"

"அந்தாளு எழுவதுங்கான். நான் நாப்பத்தொண்ணுன்னா சொல்லிக்கிட்டு நிக்கணும்?"

எனக்கு அந்த விருதுநகர் மகளின் பார்வை நினைவுக்கு வந்தது. அட்டையைப் பிடுங்கினேன்.

"ஜனத்தொகைக் கணக்குல பொய் எழுதுனா ஜெயில்னு சொன்ன நீங்களே முப்பத்தேழு ஏத்துனா, மத்த அப்பனும் அம்மையும் எவ்வளவு ஏத்திருப்பாங்க? எல்லாத்துலயும் முப்பத்தேழு கழிங்க."

அப்பா அட்டையைத் திரும்ப வாங்கினார். பழக்கடைப் பெட்டி மேல் வைத்து ஒவ்வொன்றாகக் கழித்தார். எனக்கு மேலே எட்டுப் பேர்தான் மிஞ்சினார்கள். கிண்டியில் மொத்தம் எத்தனை சீட் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. அதை அந்த நேரத்தில் நான் ஞாபகப்படுத்தவில்லை.

"இருந்தாலும்…" என்று இழுத்தார்.

"இருந்தாலும் என்ன? நான் மெட்ராஸ் போகலேன்னா அந்தக் கடையநல்லூர்க்காரரு உங்க ஆபீஸுக்கே வந்து கேப்பாரு. பதில் நீங்கதான் சொல்லணும்."

அப்பா முகம் மாறியது. கவருக்குள்ளிருந்து விண்ணப்பத்தை எடுத்து, சட்டைப்பையில் இருந்த பேனாவைத் திறந்து, நின்றபடியே கையெழுத்துப் போட்டார். 'வல்லி'யில் ஒரு சாரல் துளி விழுந்து மை லேசாகக் கலங்கியது. அப்படியே அனுப்பினோம்.

இன்டர்வியூ நடந்தது. கொஞ்சம் உளறினேன், கொஞ்சம் சரியாகச் சொன்னேன். சீட் கிடைத்தது.

கல்லூரியில் சேர்க்கப் போன அன்று வரிசையில் எங்களுக்கு நாலு பேர் முன்னால் பரீது நின்றார். கூடவே மகன். அப்பாவைக் கண்டதும் கையை ஆட்டிக்கொண்டு வந்தார். என் கையில்தான் அசல் மார்க் ஷீட் இருந்தது.

"இவதானா அண்ணாச்சி அந்த ஐந்நூத்தி எழுவத்தெட்டு?"

அப்பா ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு மார்க் ஷீட்டை என் கையிலிருந்து வாங்கி, பிரித்து, அவரிடமே நீட்டினார்.

"ஐந்நூத்தி நாப்பத்தொண்ணு" என்றார், வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி. "எம் மக எடுத்தது."

பரீதுவின் மகன் தன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்கு இப்போது நன்றாகத் தெரியும்.