இல்லாத பட்டியல்

வேலையை உதறிவிட்டு வந்த எட்டு மாதமாக மாப்பிள்ளை ஒரே பேச்சைத்தான் பேசிக்கொண்டிருந்தார். "நான் போட்ட நெட்வொர்க்குல ஒரே ஒரு ஓட்டை காட்டச் சொல்லு பாக்கலாம்." சாப்பிடும்போது இதே பேச்சு, துணி காயப்போடும்போது இதே பேச்சு, மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும்போதுகூட நடுவில் இது வந்துவிடும். வேலை போயிற்று. மனைவியின் அண்ணனோடு இருந்த உறவும் போயிற்று. கையில் மிச்சம் இருந்தது இந்தப் பேச்சு ஒன்றுதான். அதையும் யாராவது பிடுங்கிக்கொண்டால் மனுஷன் என்ன ஆவார் என்று மனைவிக்கு உள்ளூர பயம் இருந்தது.

சண்டை நடந்த கதை சின்னது. மனைவியின் அண்ணன், அதாவது மச்சான், இன்டர்நெட் கொடுக்கும் கம்பெனி நடத்துகிறார். டயர் கடைக்கு மேலே மாடியில் மூன்று அறை. அதில் ஒன்று முழுக்க ரூட்டர்களும் ஒயர்களும் குளிரும். மச்சானுக்கு வியாபாரம் தெரியும், ரூட்டர் தெரியாது. அந்தக் குளிர் அறை மாப்பிள்ளையின் ராஜ்யம். வீடுகளை விடுங்கள், சொந்தமாக நெட்வொர்க் வைத்திருக்கும் கம்பெனிகள் மட்டும் நாற்பத்தொன்று அங்கே வந்து சேர்கின்றன. ஒவ்வொன்றையும் இழுத்துக் கட்டியவர் அவர்தான்.

இன்டர்நெட் என்பது நாம் நினைப்பதைவிட வெகுளியான சமாசாரம். ஒவ்வொரு நெட்வொர்க்கும் பக்கத்து நெட்வொர்க்கிடம், இந்த இந்த விலாசங்கள் என்னிடம் இருக்கின்றன, அவற்றுக்கு வருவதை என்னிடம் அனுப்பு என்று சொல்லும். அது அதை நம்பி அடுத்ததிடம் சொல்லும். இப்படியே வாய்க்கு வாய் உலகம் பூராவும் போய்விடும். தெருமுனையில் நிற்பவன் ஆஸ்பத்திரிக்கு இப்படிப் போங்கள் என்று தன் வீட்டைக் கைகாட்டினால், கேட்டவர்கள் எல்லாரும் அங்கே போய் நிற்பார்கள் அல்லவா, அது மாதிரி. ஆகவே வேலை தெரிந்த இன்ஜினியர் ஒவ்வொரு கஸ்டமருக்கும் ஒரு பட்டியல் எழுதிவைப்பார். இவன் சொல்லக்கூடிய விலாசங்கள் இவைதான், வேறு எதைச் சொன்னாலும் காதில் வாங்காதே என்று ரூட்டருக்கு உத்தரவு. அதற்குக் கஸ்டமரிடம் அத்தாட்சி கேட்க வேண்டும், சரிபார்க்க வேண்டும், இரண்டு நாள் ஆகும்.

மச்சானுக்கு இரண்டு நாள் பொறுமை ஏது? சர்வர்களை வாடகைக்கு விடும் கம்பெனி ஒன்று வந்தபோது, இன்றைக்கே ஓட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். "ஒயரைச் சொருகினா லைன் வரணும் மாப்ள. அதுக்கு என்ன பரீட்சை வெக்கணுமா?" என்றார். மாப்பிள்ளைக்கு மூக்குக்கு மேல் கோபம். வார்த்தை தடித்தது. "பிடிக்கலைன்னா போயிடு, இனிமே இந்தப் படியேறாதே" என்று ஒருவர் சொல்ல, "போறேன்" என்று இன்னொருவர் சாவியை மேசைமேல் எறிய, அவ்வளவுதான். யாருக்கும் எதையும் ஒப்படைக்காமல் வந்துவிட்டார்.

அவருக்குப் பதிலாக மச்சான் ஒரு பெண்மணியை வைத்தார். முன்பு பயிற்சி நிலையத்தில் வகுப்பெடுத்தவர் என்பதால் எல்லாரும் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். டீச்சர் மாப்பிள்ளைக்கு மூன்று முறை செய்தி அனுப்பினார். உலக நெட்வொர்க்குகளுக்கெல்லாம் பொதுவான பதிவேட்டில், கோளாறு வந்தால் கூப்பிட வேண்டிய நம்பராக இன்னும் மாப்பிள்ளையின் செல்போன் நம்பரே இருக்கிறது, அதை மாற்ற அவருடைய கடவுச்சொல் வேண்டும், தயவுசெய்து கொடுங்கள் என்று. மூன்றையும் படித்தார். மூன்றுக்கும் பதில் போடவில்லை. "அல்லாடட்டும், அப்பத்தான் அருமை தெரியும்" என்று மனைவியிடம் சொல்லி ஒரு சிரிப்பு வேறு. இதை நான் மூடிமறைக்கப் போவதில்லை. அது அற்பத்தனம்தான்.

போன் வந்தது ஒரு வேலைநாள் காலை, பதினொரு மணிக்கு. தெரியாத நீளமான நம்பர். எடுத்தால், வேறு ஏதோ தேசத்து ஆள், அரைகுறையாக இருவருக்கும் பொதுவான பாஷையில் பேசினார். அவரும் நெட்வொர்க் இன்ஜினியர்தானாம். ஒரு நகரத்தின் மூன்று ஆஸ்பத்திரிகளும் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையும் அவர் பொறுப்பில் இருக்கின்றன. முக்கால் மணி நேரமாக அவர்களுடைய விலாசங்களைத் தன்னுடையவை என்று மாப்பிள்ளையின் நெட்வொர்க் உலகத்துக்கே சொல்லிக்கொண்டிருக்கிறது. எல்லாம் இங்கே வந்து விழுகிறது, அங்கே ஒன்றும் போய்ச் சேரவில்லை. எந்த வண்டி எங்கே நிற்கிறது என்றே தெரியவில்லை. ஆள் கத்தவில்லை. கத்தாமல் பேசியதுதான் பயமாக இருந்தது.

முதலில் வந்தது சந்தோஷம். மனுஷ மனசு அப்படி. நான் போனேன், நாறிப்போச்சு பார் என்று ஒரு நொடி உள்ளே குளிர்ந்தது. "நான் அந்தக் கம்பெனியை விட்டு எட்டு மாசம் ஆச்சு" என்றார். பொய் இல்லை.

அந்த ஆள், அப்படியானால் நான் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டார். டீச்சர் அனுப்பிய மூன்று செய்திகளும் அப்போதுதான் மாப்பிள்ளைக்கு நினைவு வந்தன. சிக்கல்பட்ட விலாசத்தைக் கேட்டு உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார்.

"யாருங்க? ஏன் ஒரு மாதிரி ஆயிட்டீங்க?" என்றாள் மதிய ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவி.

சொன்னார். அவள் சீப்பைக் கீழே வைத்தாள். "அண்ணனுக்குப் போன் போடுங்க."

போட்டார். மச்சான் துண்டித்தார். மறுபடி போட்டார், மறுபடி துண்டித்தார். டீச்சரின் நம்பர் ஓயாமல் பிஸி.

"அப்ப நேர்ல போங்க."

"அந்தாளு படியேறாதேன்னு சொன்னாரே."

"அங்க ஆம்புலன்ஸ் வழி தெரியாம நிக்குதுங்கறீங்க. இங்க யாரு படி, எந்தப் படின்னு பேசிட்டு நிக்கறீங்களே!" என்றாள். அவர் ஸ்கூட்டர் சாவியைத் தேடினார். அவள்தான் எடுத்துக் கொடுத்தாள்.

மாடியில் எல்லா போன்களும் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டிருந்தன. ஒரு நகரத்துக்குப் போக வேண்டியதெல்லாம் இந்தச் சின்னக் குழாயில் வந்து முட்டினால் இங்கே இருப்பவனுக்கு மட்டும் லைன் ஓடுமா? மச்சான் வாசலிலேயே மறித்தார். "எதுக்கு வந்தே? வேடிக்கை பாக்கவா?"

"வழி விடுங்க மச்சான்" என்று தாண்டிப்போனார்.

குளிர் அறையில் டீச்சர் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். தடித்த கண்ணாடி, ஐம்பதை நெருங்கும் வயது. "யாரோ நம்மளைத் தாக்கறாங்கன்னு நினைக்கறேன் சார். எல்லா லைனும் நிரம்பி வழியுது."

"தாக்கல. நாமதான் ஊரான் விலாசத்தை நம்மதுன்னு சொல்லிட்டிருக்கோம்." உள்ளங்கையை நீட்டினார். "இது எந்த போர்ட் வழியா உள்ள வந்துதுன்னு பாருங்க."

டீச்சர் தட்டினார். சர்வர் வாடகைக் கம்பெனியின் ஒயர் சொருகியிருந்த போர்ட். அங்கே எவனோ காலையில் எதையோ மாற்றும்போது ஒரு எண்ணைத் தப்பாக அடித்திருக்கிறான். "அவனை மொதல்ல மூடுங்க" என்றார் மாப்பிள்ளை. டீச்சர் மூடினார். அந்தப் பொய்யை உலகம் மறக்கச் சில நிமிஷங்கள் பிடித்தன. போன்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

தூர தேசத்து ஆளைக் கூப்பிட்டார். திரும்பி வந்துவிட்டது, நன்றி என்றார் அவர். "யாருக்காவது ஏதாவது..." என்று மாப்பிள்ளை மென்று விழுங்கினார். இன்னும் தெரியவில்லை, விசாரிக்கிறார்கள் என்று பதில் வந்தது. அதற்குமேல் கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

இதற்குள் மச்சான் டீச்சர் பக்கம் திரும்பிவிட்டார். "எட்டு மாசமா என்னத்தைப் பாத்தீங்க? கண்ட விலாசத்தையும் உள்ள விட்டுட்டு உக்காந்திருக்கீங்க. மாப்ள இருந்தவரைக்கும் இப்படி ஒண்ணு நடந்துதா? நாளையிலேர்ந்து நீங்க வர வேணாம். மாப்ள, நடந்ததை மறந்துடு. நீ வந்து உக்காரு."

எட்டு மாதமாகக் கனவில் கேட்ட வார்த்தைகள். டீச்சர் திரையில் அந்த போர்ட்டுக்கு எழுதியிருந்த உத்தரவுகளைத் திறந்து வைத்திருந்தார். மாப்பிள்ளையின் கண் அங்கே போயிற்று. இன்ன பட்டியலைப் பார் என்று பட்டியலின் பெயர் இருந்தது. பட்டியல் இல்லை.

அந்த ரூட்டருக்கு ஒரு கிறுக்குப் புத்தி உண்டு. பெயர் மட்டும் இருந்து பட்டியல் இல்லாவிட்டால், எதையும் விடாதே என்று எடுத்துக்கொள்ளாது. எல்லாவற்றையும் விடு என்று எடுத்துக்கொள்ளும். அதனால்தான் முதலில் பட்டியல், பிறகு பெயர் என்பது இந்தத் தொழிலில் பழக்கம். மாப்பிள்ளையே பத்துப் பேருக்கு அதைச் சொல்லியிருப்பார். பெயரைப் போட்ட தேதி கீழே இருந்தது. அவர் சாவியை எறிந்த நாள், எறிவதற்கு இருபது நிமிஷம் முன்னால். மச்சான் தலைக்கு மேல் நின்று கத்திக்கொண்டிருக்கும்போது பெயரை அடித்துவிட்டு, பட்டியலை அப்புறம் எழுதலாம் என்று விட்டது. அப்புறம் என்பது வரவே இல்லை.

மச்சானுக்குத் திரையைப் படிக்கத் தெரியாது. டீச்சருக்குத் தெரியும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அவங்களைச் சொல்லாதீங்க மச்சான்" என்றார் மாப்பிள்ளை. முகத்தில் ஈயாடவில்லை. "இது நான் போட்டது. அன்னிக்கு நீங்க தலைமேல நின்னு அவசரப்படுத்தினீங்களா, பாதியில விட்டுட்டுப் போயிட்டேன். அந்தப் போன் நம்பரும் நான் மாத்திக் கொடுக்காததுதான். அவங்க மூணு தடவ கேட்டாங்க."

மச்சான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "அவசரப்படுத்தினது நான்தானே" என்றார். "போ, பாதி நீ, பாதி நான். டீச்சரம்மா, கோவத்துல பேசிட்டேன், மன்னிச்சுக்குங்க." எழுந்து மாப்பிள்ளையின் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, தங்கைக்குப் போன் செய்ய முன்னறைக்குப் போனார்.

பாதி என்ற சொல் மாப்பிள்ளைக்கு இதமாக இருந்தது. தப்பு நடந்தது உண்மை. ஆனால் கோபத்தில், நெருக்கடியில், இன்னொருவர் கத்தலில் நடந்தது. அப்படி எவனுக்கும் நடக்கும். அந்தப் பழைய பேச்சில் ஒரு சின்னத் திருத்தம் செய்துகொண்டால் போதும், மிச்சமெல்லாம் அப்படியே நிற்கும்.

"மத்த நாப்பதையும் ஒரு பார்வை பாத்துடலாமா சார்?" என்றார் டீச்சர்.

"பாருங்க. அதெல்லாம் நிதானமா போட்டது" என்றார். இருவரும் ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். பெயர், பட்டியல், சரி. பெயர், பட்டியல், சரி. பத்துக்கு மேல் மாப்பிள்ளைக்கு நிமிர்ந்து உட்காரவே தோன்றியது. முன்னறையில் மச்சான் சத்தமாகப் பேசுவது கேட்டது. "இல்லம்மா, உன் வீட்டுக்காரர் வேலையில ஒரு குத்தம் சொல்ல முடியாது. அன்னிக்கு நான்தான் பேயாட்டம் ஆடிட்டேன்."

பதினேழாவதில் டீச்சரின் விரல் நின்றது. ஓர் அச்சகத்தின் போர்ட். பெயர் இருந்தது, பட்டியல் இல்லை.

தேதியை டீச்சர் வாய்விட்டுப் படிக்கவில்லை. மாப்பிள்ளையே பார்த்தார். நான்கு வருஷத்துக்கு முந்தைய தேதி. மச்சானும் அவரும் ஒரே தட்டில் சாப்பிடாத குறையாக இருந்த காலம். அன்றைக்கு என்ன என்று நினைவைக் கிண்டினார். காய்ச்சலா, மகளுக்கு ஏதாவதா, லைன் அறுந்த நாளா? ஒன்றும் அகப்படவில்லை. ஒரு சாதாரண மத்தியானம். யாரும் தலைமேல் நிற்கவில்லை. அந்த அச்சகக்காரர்கள் நான்கு வருஷமாக ஒரு எண்ணையும் தப்பாக அடிக்கவில்லை, அதனால் தெரியாமல் போயிற்று. வேறு காரணமே கிடையாது.

"எழுதிடலாம் சார்" என்றார் டீச்சர் மெல்லிய குரலில். "ரெண்டு நிமிஷ வேலை." அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். மாப்பிள்ளையின் கை விசைப்பலகை வரை போனது. நாற்பது வயது ஆளுக்கு அழுகை வருவது அவருக்கே அவமானமாக இருந்தது.

மச்சான் போனைக் காதில் வைத்தபடியே கதவருகே வந்து எட்டிப்பார்த்தார். "வேற ஒண்ணும் இல்லையே மாப்ள? இவ கேக்கறா."

"இருக்கு மச்சான்" என்றார் மாப்பிள்ளை. "இதுல உங்களுக்குப் பாதி கிடையாது."

மச்சான் ஒன்றும் புரியாமல் திரையையும் டீச்சரையும் பார்த்தார். போனைக் காதிலிருந்து எடுக்க மறந்திருந்தார். அந்தப் பக்கம் மனைவி, என்னவாம், என்னவாம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.